ரக்கூன் சோளத்தைக் காலி செய்கிறதா? இப்படிச் செய்து பாருங்கள்
டெக்சாஸில் மானுக்காக வைத்த முக்காலித் தீவனப் பெட்டியில் இரவோடு இரவாக ரக்கூன் என்ற அமெரிக்கக் காட்டு விலங்கு சோளத்தைத் தீர்த்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது பெட்டியின் காலில் ஏறி, அடியில் மோட்டாரால் சுழன்று சோளத்தைச் சிதறடிக்கும் தட்டைக் கையாலேயே சுற்றிவிடும். அதனால் முதலில் தட்டையும் மோட்டாரையும் சுற்றிக் கம்பிக்கூண்டு போடுங்கள். சோளம் வெளியே சிதறும், கை உள்ளே போகாது. கால்களில் கிரீஸ் தடவ வேண்டாம், மழையில் போய்விடும். வழவழப்பான, அகலமான தகரக் குழாயை மாட்டினால் பிடி கிடைக்காது.

அப்புறம், சோளம் விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் டைமர். மாலையில் கொட்டுவதை நிறுத்திவிட்டு, விடிந்தபின் மான்கள் தின்று தீர்க்கும் அளவு மட்டும் விழட்டும். தரையில் மிச்சம் கிடந்தால் ரக்கூன் இரவில் கட்டாயம் வரும்.

பொறி வைப்பதென்றால் மாநில வேட்டை விதிகளைப் பார்த்துவிட்டு வையுங்கள். ரக்கூன் எச்சத்தை வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். அதிலிருக்கும் புழுமுட்டை மனிதர் மூளையைக்கூடப் பாதிக்கும்.