ஒரே மருந்து, இரண்டு தரவுத்தளங்கள்: மருத்துவத்தில் தகவலியலின் பங்கு

நவீன மருத்துவத்திலும் உயிர்மருத்துவ ஆராய்ச்சியிலும் தகவலியல், அதாவது தகவலைத் திரட்டி, இணைத்து, பயன்படுத்தும் துறை, உண்மையில் என்ன செய்கிறது என்பது கேள்வி. நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் சேர்த்துவைப்பதே அது என்று பலரும் எண்ணுகிறார்கள். மருத்துவமனையொன்றின் பதிவேட்டுப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றிய எனக்குச் சேர்த்துவைப்பது எளிய பகுதியாகவே படுகிறது. ஏதோ ஒரு வார்டில் எழுதப்பட்ட வரி இன்னாருடையது என்பதில் ஐயமில்லாமல் இருக்க வேண்டும். பின்னால் யார் கேட்டாலும் அதன் மூலத்தை எடுத்துக் காட்டவும் முடிய வேண்டும். கடினமானது அதுதான்.

2020-இல் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கொரோனாவுக்குப் பயன்படுமா என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்தது. அவ்வாண்டு மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஆறு கண்டங்களில் 671 மருத்துவமனைகளைச் சேர்ந்த 96,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவைக் கொண்டு, அம்மருந்து பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததாகக் கூறியது. தரவு சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனத்துடையது. மூன்றே நாட்களில் உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அம்மருந்தை நிறுத்திவைத்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்ததாக அந்த ஆய்வு காட்டிய இறப்புகள், அந்நாட்டு அரசு அதே காலத்துக்கு வெளியிட்டிருந்த கணக்கையே மிஞ்சின. மூலத் தரவைச் சுயேச்சையான தணிக்கையாளர்கள் கேட்டபோது நிறுவனம் தர மறுத்துவிட்டது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

மறுநாளே, ஜூன் 5 அன்று, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் பிரிட்டனில் நடத்திவந்த ரெகவரி என்ற மருந்துச் சோதனை அதே மருந்தைப் பற்றித் தன் முடிவை அறிவித்தது: பயனில்லை. பின்னர் வெளியான முழு அறிக்கையின்படி, 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் மருந்து பெற்ற 1,561 பேரில் 27.0 சதவீதம், பெறாத 3,155 பேரில் 25.0 சதவீதம். முந்தைய தரவுத்தளத்தை ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆயினும் இதிலுள்ள ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ஒப்புதலோடு சேர்க்கப்பட்ட, தேடிச் சென்று சரிபார்க்கக்கூடிய ஒரு நோயாளி இருந்தார்.

இச்சோதனையின் கட்டமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். நெரிசலான வார்டில் நின்றபடி மருத்துவர் இணையத்தில் ஒரு சிறு படிவத்தை நிரப்பினால் போதும். எந்தச் சிகிச்சை என்பதைக் கணினி குலுக்கல் முறையில் ஒதுக்கிவிடும். அதன்பின் நிகழ்ந்தவற்றை இன்னொரு சிறு படிவத்தோடு, பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை ஒவ்வொருவருக்கும் வழங்கியுள்ள 10 இலக்க எண்ணைக் கொண்டு மருத்துவமனைப் பதிவுகளிலிருந்தும் இறப்புப் பதிவுகளிலிருந்தும் இணைத்துக்கொண்டார்கள். அந்தத் தொடக்கப் படிவத்தில் நோயாளிக்கு ஆக்சிஜன் தரப்படுகிறதா, வென்டிலேட்டரில் இருக்கிறாரா என்ற கேள்வியும் இருந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்தின் முடிவு முழுவதும் அந்த ஒரு கேள்வியை ஒட்டியே பிரிந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பை 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாக அம்மருந்து குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் நன்மை தெரியவில்லை. அந்தக் கேள்வி விடுபட்டிருந்தால், யாருக்குத் தரக்கூடாது என்பது இவ்வளவு விரைவில் தெரிந்திருக்காது.

நான் பணியாற்றிய இடத்தில் ஒவ்வொரு சேர்க்கைக்கும் புதிய எண் தரப்பட்டது. ஒரே நோயாளியின் பெயரில் முன்னெழுத்து ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் இருக்கும், ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டல் மாறும், வயதோ தோராயமானது. மூன்று கோப்புகளும் ஒருவருடையவை என்று கண்டறிய அரை நாள் கழிந்ததுண்டு. அதற்குள் பழைய கோப்பில் குறிக்கப்பட்டிருந்த பென்சிலின் ஒவ்வாமையை யாரும் பார்க்காமல் போயிருக்கலாம் என்ற அச்சம் எனக்கு எப்போதும் இருந்தது. இதனால்தான் 2021-இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் ஆபா எண்ணை, அதாவது ஒருவரின் மருத்துவப் பதிவுகளை இணைக்க உதவும் 14 இலக்க அடையாள எண்ணை, முக்கியமானதாகக் கருதுகிறேன். அந்த எண்ணை வைத்திருப்பவர்கள், ஓ.பி. சீட்டிலும் ஆய்வக அறிக்கையிலும் அதைச் சேர்க்கும்படி பதிவு மேசையிலேயே கேளுங்கள்.