மூன்று எஞ்சின் ஏன் இரண்டானது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

1920களின் பயணிகள் விமானப் படங்களில் மூக்கில் ஒன்று, இறக்கைக்கு ஒன்று என்று மூன்று எஞ்சின்கள். 1935-ல் டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-3 பயணிகள் விமானம் வந்தபோது இரண்டுதான். எஞ்சின் கூடினால் பாதுகாப்பும் கூடும் அல்லவா? பிறகு ஏன் குறைத்தார்கள்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

எஞ்சின் கூடினால் முதலில் கூடுவது பழுதாகும் வாய்ப்புதான். ஒன்று நின்றபின் மிச்சம் தாங்குமா என்பதே கேள்வி.

ஏறாமல் இறங்காமல் மட்டமாகப் பறக்க மொத்தத் திறனில் 40 சதவீதம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 60 மேலேறுவதற்கு. இரண்டில் ஒன்று நின்றால் கையில் 50. ஏறுவதற்கு மிஞ்சுவது 10. போனது பாதித் திறன், ஆனால் ஏறும் வேகம் ஆறில் ஒரு பங்காகிவிட்டது. நின்ற புரொப்பெல்லரும் காற்றை மறிக்கும். விமானம் அந்தப் பக்கமே திரும்பப் பார்க்கும், சுக்கானை மிதித்து அடக்கினால் இழுவை இன்னும் ஏறும். அந்தப் பத்தும் கரைந்துபோகும். மூன்றில் ஒன்று நின்றால் 66 இருக்கும். விமானம் கட்டிய ஃபோக்கரும் ஃபோர்டும் மூன்று வைத்தது இதற்காகத்தான். மூக்கு எஞ்சினின் இரைச்சலையும் அதிர்வையும் பயணிகள் சகித்துக்கொண்டார்கள். ஃபோர்டில் பக்கவாட்டு எஞ்சின்களின் மானிகள் வெளியே தாங்குகம்பத்தில்தான் இருந்தன. விமானி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டும்!

1932 ஆகஸ்டில் அமெரிக்க விமானப் பயண நிறுவனமான டிடபிள்யூஏவும் மூன்று எஞ்சின் விமானம்தான் கேட்டது. கூடவே ஒரு கறார் நிபந்தனை: தன் எந்த விமான நிலையத்திலிருந்தும், ஒரு எஞ்சின் நின்றாலும், முழுச் சுமையோடு மேலேற வேண்டும். டக்ளஸ் இரண்டு போதும் என்றது. அந்தத் துணிச்சலுக்குக் காரணம் சுமார் 700 குதிரைத்திறன் கொண்ட ரைட் சைக்ளோன் எஞ்சின், உள்ளே மடங்கும் சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அலகுகளின் கோணத்தை மாற்றக்கூடிய புரொப்பெல்லர். நிலையான கோணம் என்பது ஒரே கியரில் ஓடும் வண்டி மாதிரி. சமவெளியில் ஓடும், மேட்டில் திணறும்.

அப்படி டக்ளஸ் கட்டிய டிசி-1, 1933 ஜூலை 1 அன்று முதன்முதலாகப் பறந்தது. மூக்கைத் தூக்கியதும் இரண்டு எஞ்சினும் திணறின. தாழ்த்தினால் மறுபடி ஓடின. எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரில், மிதவைகளின் கீல் அமைந்த பக்கம்தான் காரணம். மூக்கு உயர்ந்தால் மிதவை எரிபொருள் வழியை அடைத்துவிடும். கார்புரேட்டரை 180 பாகை திருப்பி வைத்தார்கள், சரியாகிவிட்டது. இங்கே மூன்றாவது எஞ்சின் இருந்திருந்தாலும் பயனில்லை, அதுவும் சேர்ந்தே திணறியிருக்கும்.

செப்டம்பரில் நிபந்தனைக்கான சோதனை. அரிசோனாவின் வின்ஸ்லோ ஏறத்தாழ 4,900 அடி உயரத்தில் உள்ள ஊர், காற்று மெலிது. மேலெழும்போதே ஒரு எஞ்சினை அணைத்தார்கள். மற்றொன்றை மட்டும் வைத்துக்கொண்டு டிசி-1 நியூ மெக்சிகோவின் அல்புகெர்க்கி வரை போய் இறங்கியது.