சிவனொளிபாதமலை ஏறின கால் பனிமலைக்கு காணுமா?

கேள்வி: டிசம்பர் லீவுக்கு நாங்கள் நாலு கசின்மார் வட இந்தியாவில கேதார்கந்தா பனிமலை ட்ரெக் போக இருக்கிறம். ஒவ்வொரு சீசனும் சிவனொளிபாதமலை ஏறுறனாங்கள், அந்தப் பழக்கம் காணுமா? அம்மா சரியா பயப்படுறா.
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, கால் பலம் காணும். ஆனா பனிமலையில ஆக்கள் மாட்டுப்படுறது கூடுதலா நனைஞ்சதாலயும் திரும்ப வேண்டிய நேரத்தில திரும்பாததாலயும்தான். சிவனொளிபாதமலை 2243 மீட்டர், படி இருக்கு, வழி நெடுக தேத்தண்ணிக் கடை இருக்கு, ஆனா கேதார்கந்தாவில 3800 மீட்டருக்கு கிட்ட, விடியமுதல் இருட்டில மைனஸ் குளிரில பனிக்கு மேல நடக்கோணும்.

முதல்ல ஜீன்ஸையும் கொட்டன் ரீசேட்டையும் வீட்டில வச்சிட்டுப் போங்கோ. கொட்டன் வேர்வையை குடிச்சு வச்சிருக்கும், நீங்கள் நிண்ட உடனே அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துப்போடும். உள்ளுக்கு கம்பளி இல்லாட்டி பொலியெஸ்டர், அதுக்கு மேல ஃபிளீஸ், வெளியில காத்து போகாத ஜக்கெட். ஏறேக்க வேர்க்க முதலே ஒண்டைக் கழட்டுங்கோ, நிண்டவுடனே போடுங்கோ, படுக்கிறதுக்கெண்டு ஒரு சோடி காய்ஞ்ச உடுப்பும் சொக்ஸும் பொலித்தீன் பையில தனியா இருக்கட்டும். தண்ணிப் போத்தலை தலைகீழா வையுங்கோ, ஐஸ் மேற்பக்கத்திலதான் முதல்ல பிடிக்கும், அப்ப மூடி இறுகாது. கறுப்புக் கண்ணாடி கட்டாயம், பனியில தெறிக்கிற வெயில் கண்ணைச் சுட்டுப்போடும்.

நாலு பேரும் ஒராளை ஒராள் பாத்துக்கொண்டு நடவுங்கோ. ஒருத்தனுக்கு சிப் இழுக்க விரல் வராமல், கதை குழறி, கால் தடுமாறினா, அவன் "எனக்கு ஒண்டுமில்லை" எண்டு சொன்னாலும் நம்பாதேங்கோ, குளிர் உடம்புக்குள்ள இறங்கீட்டுது. ஈர உடுப்பைக் கழட்டி, காய்ஞ்சதைப் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள விட்டு, விழுங்கக் கூடியதெண்டா இனிப்புத் தேத்தண்ணி குடுங்கோ. சாராயம் கூடவே கூடாது, சூடு மாதிரி தெரியும், ஆனா உள்ளுக்குள்ள உடம்பு இன்னும் குளிரும். விரல் வெளிறி மரத்தா தேய்க்கவும் வேண்டாம்.

உயரமும் வருத்தம் தரும். தலையிடியோட சத்தி வந்தா அதுக்கு மேல ஏறாதேங்கோ. சும்மா இருக்கவே மூச்சு வாங்கினா, இல்லாட்டி நேரா நடக்க ஏலாமல் போனா, ராத்திரியெண்டாலும் உடனே இறக்கோணும். உயர வருத்தத்துக்கு எடுக்கிற டயமொக்ஸ் குளிசையை பாமசியில கேட்டு வாங்கிப் போடாதேங்கோ, டொக்டரோட கதையுங்கோ.

காலநிலையை லேசா எடுக்காதேங்கோ. 2014 ஒக்டோபரில நம்ம வங்காள விரிகுடாவில எழும்பின ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில கரை ஏறி, ரெண்டு நாளில நேபாளத்தில பனியாக் கொட்டி, 5416 மீட்டர் தொரோங் லா கணவாயிலயும் அதைச் சுத்தின மலைகளிலயும் 40 பேருக்கு மேல செத்தவை. அது குளிர்காலம் கூட இல்லை. கைட் திரும்புவம் எண்டா உச்சி கண்ணுக்கு முன்னால தெரிஞ்சாலும் திரும்புங்கோ, திரும்பி வாற ஃபிளைட்டையும் ரெண்டு நாள் பிந்தியே போடுங்கோ, டிக்கெட்டை நினைச்சு அவசரப்படக் கூடாது.

அம்மாட்ட பாதை விபரம், கைட்டின்ர நம்பர், எந்த நாளுக்குப் பிறகு தேடோணும் எண்டதை எழுதிக் குடுங்கோ. இன்சூரன்ஸ் எடுக்கேக்க எத்தனை மீட்டர் உயரம் வரை காசு தருவினம் எண்டு வடிவா வாசியுங்கோ.