இல்லாத கட்டுரையை எந்த நூலகத்தில் தேடுவது?

ஆய்வில் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) பயன்பாடு பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்கு ஆய்வு நூலகர் ஒருவரின் பதில்கள்

நடுகற்கள் பற்றி ஆய்வு செய்கிறேன். சாட்ஜிபிடி சொன்ன கட்டுரைகளில் சில எங்குமே கிடைக்கவில்லை. சந்தா கட்டாததாலா? (அரூர்)

சந்தாவைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் அப்படிக் கட்டுரையே வந்திருக்காது. அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்துக் கோப்பதுதான் இந்தக் கருவியின் அடிப்படை வேலை. ஆசிரியர் நிஜம், இதழ் நிஜம், பக்க எண்கூட இருக்கும். கட்டுரை மட்டும் இருக்காது. டிஓஐ எண் (ஒரு கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் தனி எண்) கொடுத்திருந்தால் அதன் தளத்தில் போட்டுப் பாருங்கள். திறக்காது, அல்லது சம்பந்தமில்லாத வேறொன்று திறக்கும். டிஓஐ இல்லாத தமிழ் இதழ் என்றால் அந்த இதழின் பொருளடக்கத்தைப் பார்த்துவிட வேண்டியதுதான். உங்கள் துறையில் பலதும் இன்னும் அச்சில் மட்டுமே இருக்கின்றன. தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டுங்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகல்லையே நேரில் பார்க்கலாம். பக்கத்திலிருந்துகொண்டு ஏஐயிடம் கேட்பானேன்?

நானே எழுதிய ஆங்கிலக் கட்டுரையை 'ஏஐ எழுதியது' என்கிறது மென்பொருள். நெறியாளர் நம்ப மறுக்கிறார். (ஓசூர்)

நெறியாளரிடம் இதைச் சொல்லுங்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியதாகத் தவறாகக் காட்டின. ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியை அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது, துல்லியம் போதவில்லை என்று. உங்கள் வரைவுகள், கைக்குறிப்புகள், கூகுள் டாக்ஸின் திருத்த வரலாறு எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதி சொல்லும் 10 சதவீத வரம்பு வேறு கணக்கு. அது பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமைக்கானது.

ஏஐயை இணை ஆசிரியராகப் போடலாமா? (பென்னாகரம்)

கூடாது. நேச்சர், சயன்ஸ் ஆகிய அறிவியல் இதழ்கள் இரண்டுமே 2023 ஜனவரியிலேயே மறுத்துவிட்டன. தவறு வந்தால் பொறுப்பேற்க ஆள் வேண்டுமே! எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதை ஆய்வுமுறைப் பகுதியில் எழுதிவிடுங்கள்.

'ஒரே நாடு ஒரே சந்தா' வழியாக எடுத்த பிடிஎஃப்களை ஏஐயில் ஏற்றலாமா? (கிருஷ்ணகிரி அரசுக் கல்லூரி)

கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் திறந்துவிட ஒன்றிய அரசு 2025இல் தொடங்கிய அத்திட்டத்தில் 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். உரிம நிபந்தனை பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும். மொத்தமாக இறக்குவதைப் பொதுவாக யாரும் அனுமதிப்பதில்லை. ஏற்றுவதற்கு முன் உங்கள் நூலகரிடம் கேளுங்கள். டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்தின் தாய் நிறுவனம் 2024இல் தன் கட்டுரைகளை மைக்ரோசாஃப்டுக்குக் காசுக்குத் திறந்துவிட்டது தனிக்கதை. எழுதியவர்களில் பலருக்குச் செய்தி பார்த்துத்தான் தெரிந்தது.