வகுப்பறையில் பிள்ளைகளை எழுந்து நடமாடவிட்டால் படிப்பு கெட்டுவிடாதா?

உங்கள் மகன் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று வகுப்பாசிரியர் டைரியில் எழுதி அனுப்பியிருப்பார் என ஊகிக்கிறேன். அந்த வரியைப் பல டைரிகளில் எழுதியவள் நான். வடசென்னையில் ஒரு தனியார் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்கு நடத்தினேன்.

ஏழாம் வகுப்பில் முழுக்கள் என்ற பாடம் வரும்; மைனஸ் போட்ட குறை எண்களும் சேர்ந்த முழு எண்களைப் பற்றியது. 'மைனஸ் மைனஸ் பிளஸ்' என்று ஒப்பிக்க வைத்திருந்தேன். அதன் பலனாக, குறை மூன்றிலிருந்து நான்கைக் கழிக்கச் சொன்னாலும் பாதிப் பிள்ளைகள் குறை ஏழு என்பதற்குப் பதில் கூட்டல் ஏழு என்றே எழுதினார்கள். ஒரு நாள் மின்சாரம் போய், மின்விசிறி நின்று, வகுப்பில் இருக்க முடியாததால் அவர்களை வராந்தாவுக்கு அழைத்துச் சென்று, தரையில் குறை பத்திலிருந்து பத்து வரை எண்கோடு வரைந்தேன். முதல் எண்ணின்மேல் வலப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். கழித்தல் என்றால் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அடுத்த எண் மிகை எண்ணானால் முன்னோக்கியும், குறை எண்ணானால் பின்னோக்கியும் அத்தனை அடி நடக்க வேண்டும். மூன்றிலிருந்து குறை இரண்டைக் கழிக்க, டைரியில் என்னிடம் அதிகம் திட்டு வாங்கிய பையனை நிறுத்தினேன். மூன்றில் நின்று, இடப்பக்கம் திரும்பி, இரண்டடி பின்வாங்கியவன் காலடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "மிஸ், பின்னாடி நடந்தா அஞ்சுக்கு வந்துட்டேன்!" என்று கத்தினான். அந்தப் பருவத் தேர்வில் மேற்பார்வைக்குச் சென்றபோது, அவன் இருக்கையிலேயே தோளை இடப்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு விடை எழுதியதைக் கண்டேன்.

ஒரு பையனை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா என்று யாரேனும் கேட்பீர்கள், சொல்லவில்லை. நெதர்லாந்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் இரண்டு ஆண்டுகள் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், உடலை அசைத்தபடியே பாடம் கற்றவர்கள் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் ஏறத்தாழ நான்கு மாதம் முன்னேறியிருந்தார்கள். வாசிப்பில் அந்த வேறுபாடு தெரியவில்லை. எல்லாப் பாடத்துக்கும் குதிக்க வைத்தால் போதும் என்று நான் வாதாடாததற்கு அதுவும் ஒரு காரணம். நடக்கும் நடையே கணக்காக இருந்ததால்தான் எங்கள் வராந்தாவில் அது பலித்தது என்பது என் எண்ணம். நாற்பது பிள்ளைகளையும் நெருக்கியடித்த பெஞ்சுகளையும் வைத்துக்கொண்டு இது முடியுமா என்று கேட்கும் ஆசிரியர்களிடமும் எனக்குச் சண்டையில்லை. வராந்தா இல்லாதிருந்தால் என்னாலும் முடிந்திராது. ஆனால் இது வெளிநாட்டு வசதி என்று மட்டும் சொல்லாதீர்கள். 2003இல் நம் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில்தான், அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அட்டையை எடுக்கவும் குழு மாறி அமரவும் பிள்ளைகள் எழுந்து நடப்பது அந்த முறையின் ஒரு பகுதி.

எங்கள் தலைமையாசிரியைக்கோ வராந்தா மீன் சந்தையாகத் தோன்றியது. மறுநாள் கோடு கழுவப்பட்டிருந்தது. சத்தம் குறித்து எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கையும் வந்தது. அதே பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கடன் வாங்கியபோது ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்படி வாங்கியவர்களில் நானும் ஒருத்தி; ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை.

டைரிக்குப் பதில் எழுதும் முன், மொட்டை மாடியில் ஒரு சுண்ணக்கட்டியால் இருபத்தொரு எண்களை எழுதி அவனை நடக்கச் சொல்லிப் பாருங்கள். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள், தரை சுடும்.