ஃபுல் டவர் காட்டும், நெட் நகராது: அமெரிக்காவில் சிம் எடுக்கும் முன்

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து ஆகஸ்டில் டாலஸ் பக்கத்து ரிச்சர்ட்சனுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வருகிறீர்கள். வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல் மூன்றில் எது நல்ல நெட்வொர்க், ஜியோ மாதிரி அன்லிமிடெட் கிடைக்குமா, இப்போது கையில் இருக்கும் போனே ஓடுமா, அறையில் ஏற்கெனவே இருக்கிற சீனியர்கள் ஃபேமிலி பிளானில் சேரச் சொல்கிறார்களே சேரலாமா என்கிறீர்கள். கூடவே குக்கர், ஜாக்கெட், கிரெடிட் கார்டு. குக்கர் கொண்டு வாருங்கள். ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். கிரெடிட் கார்டு பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போன் விஷயத்தில்தான் வருகிற பிள்ளைகள் வருடா வருடம் ஒரே குழியில் விழுகிறார்கள். அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

எது நல்ல நெட்வொர்க் என்று 15 வருடமாக இங்கே இருக்கிற அண்ணன்மாரைக் கேட்டால், "வெரைசன்தான், டி-மொபைல் ஊர் எல்லை தாண்டினாலே செத்துவிடும்" என்பார்கள். 2012-இல் அது சரியான பேச்சு. டி-மொபைலிடம் அப்போது தாழ்ந்த அலைவரிசை கிட்டத்தட்ட இல்லை. உயர்ந்த அலைவரிசை தூரம் போகாது, சுவரைத் தாண்டவும் திணறும். 2017-இல் முடிந்த 600 மெகாஹெர்ட்ஸ் ஏலத்தில் அந்த நிறுவனம் சுமார் 800 கோடி டாலர் கொடுத்து நாடு முழுக்க அலைவரிசை வாங்கியது. பேண்ட் 71 என்பது அதுதான். 2020 ஏப்ரலில் ஸ்பிரின்ட் என்ற போட்டிக் கம்பெனி வந்து இணைந்தபோது 2.5 கிகாஹெர்ட்ஸும் கூடவே வந்தது. நகரங்களில் அதன் 5ஜி முந்தியதற்கு இந்த இரண்டும்தான் காரணம். பதிலுக்கு 2021-இல் சி-பேண்ட் என்ற 5ஜி அலைவரிசை ஏலத்தில் வெரைசன் 4,500 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. இதையெல்லாம் பார்க்காமல் பழைய அனுபவத்தையே இன்றைய உண்மையாகச் சொல்லும் பழக்கம் நம் ஆட்களிடம் அதிகம். ஏடி அண்ட் டி-யின் தலைமையகம் 2008-இல் டாலஸுக்கு வந்தது, அதனால் இங்கே அதுதான் நன்றாக எடுக்கும் என்றும் சொல்வார்கள். தலைமையகத்துக்கும் உங்கள் படுக்கையறை சிக்னலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆள் குறைந்த மலை, பாலைவனப் பக்கங்களில் இன்றைக்கும் வெரைசனோ ஏடி அண்ட் டி-யோ கை ஓங்கிய இடங்கள் நிறைய உண்டு. பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போனால் எந்த சிம்மையும் நம்ப வேண்டாம். வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆனால் ரிச்சர்ட்சன், பிளேனோ, இர்விங் மாதிரி ஊர்களில் மூன்று டவரும் இருக்கின்றன. அங்கே உங்கள் நெட் திணறினால் பெரும்பாலும் காரணம் டவர் இல்லாதது இல்லை. டவர் நிரம்பி வழிவதுதான்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான். போனில் தெரியும் கோடு சிக்னலின் பலத்தை மட்டும் காட்டும். அந்த டவரில் எத்தனை பேர் தொங்குகிறார்கள், வரிசையில் உங்கள் இடம் எது என்பதைக் காட்டாது. ஒவ்வொரு பிளானுக்கும் க்யூசிஐ என்று ஒரு எண் உண்டு. எண் சின்னதாக இருந்தால் டவர் உங்களை முதலில் கவனிக்கும். வெரைசனில் முன்னுரிமை டேட்டாவுக்கு 8, மற்றதற்கு 9. டவர் காலியாக இருக்கும் நடுநிசியில் இரண்டும் ஒரே வேகம்தான். வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழா நடக்கும் அரங்கை நினைத்துப் பாருங்கள்: ஆயிரக்கணக்கான பேர் ஒரே கூரையின் கீழ் வீடியோ அனுப்பிக்கொண்டிருப்பார்கள். 8-இல் இருப்பவரின் படம் போய்ச் சேரும். பக்கத்து நாற்காலியில் அதே கம்பெனியின் மலிவு பிளானில் 9-இல் இருப்பவருக்கு நாலு கோடும் காட்டிக்கொண்டே வாட்ஸ்அப்பில் கடிகாரக் குறி நிற்கும். இரண்டு பேருக்கும் பிளானின் பெயர் அன்லிமிடெட்தான்.

ஆகவே "அன்லிமிடெட் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை ஜிபி வரை முன்னுரிமை? ஹாட்ஸ்பாட் எத்தனை ஜிபி, அதன் பிறகு என்ன வேகம்? வீடியோ தரம் 480p-இல் கட்டுப்படுத்தப்படுகிறதா? வரியும் கட்டணங்களும் விலைக்குள் அடக்கமா? வெரைசனின் அன்லிமிடெட் வெல்கம் பிளானில் முன்னுரிமை டேட்டாவே கிடையாது. டி-மொபைல் எசென்ஷியல்ஸில் 50 ஜிபி வரை முன்னுரிமை உண்டு. ஹாட்ஸ்பாட் 3ஜி வேகம்தான், வினாடிக்கு 600 கிலோபிட் அளவு, அதில் ஜூம் வகுப்பு ஓடவே ஓடாது. வெரைசனின் சொந்தக் குட்டி நிறுவனமான விசிபிளில் அடிப்படை பிளான் முழுவதுமே கடைசி வரிசை, ஹாட்ஸ்பாட் 5 மெகாபிட். பிளான்களை அடிக்கடி மாற்றுவார்கள், அதனால் வாங்குகிற அன்றைக்குச் சின்ன எழுத்தை நீங்களே படித்துவிடுங்கள். "முன்னுரிமை டேட்டா" என்ற வரி எங்கேயும் கண்ணில் படவில்லை என்றால், அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்லிமிடெட் என்ற சொல்லுக்கு இங்கே ஒரு வரலாறே உண்டு. 2010 ஜூனில் ஏடி அண்ட் டி புதியவர்களுக்கு அன்லிமிடெட்டை நிறுத்தி, 200 எம்பிக்கு 15 டாலர், 2 ஜிபிக்கு 25 டாலர் என்று வைத்தது. 2011-இல் வெரைசனும் நிறுத்தியது. பழைய அன்லிமிடெட் பிளானை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, மாதத்தில் 2 ஜிபி தாண்டினாலே வேகத்தைக் குறைத்ததாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2014-இல் ஏடி அண்ட் டி மீது வழக்குப் போட்டு, 2019-இல் 6 கோடி டாலரில் அது சமரசமானது. வெரைசன் அன்லிமிடெட்டைத் திரும்பக் கொண்டுவந்தது 2017 பிப்ரவரியில்தான். காலிங் கார்டில் வெள்ளிக் கோட்டைச் சுரண்டி, பின் எண்ணை அழுத்தி, மீதி எத்தனை நிமிடம் என்று குரல் சொல்வதைக் கேட்டு, அதற்குப் பிறகு ஊருக்குப் பேசிய தலைமுறைக்கு இதெல்லாம் மறக்காது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு வளர்ந்த உங்களுக்கு டேட்டா என்பது குழாய்த் தண்ணீர் மாதிரி.

உங்களுக்கு அன்லிமிடெட் தேவையா என்பதையும் ஒரு முறை கணக்குப் போட்டுவிடுங்கள். வளாகத்தில் வைஃபை. வீட்டில் நாலு பேர் பங்கு போட்டு பிராட்பேண்ட். நடுவில் பஸ், கடை. நல்ல தரத்தில் படம் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை போகும், ஆனால் அதை வைஃபையில்தானே பார்க்கப்போகிறீர்கள்? மாணவருக்கு 10 முதல் 15 ஜிபி தாராளம். மலிவு ப்ரீபெய்டு கம்பெனிகளில் மின்ட், டெல்லோ இரண்டும் டி-மொபைல் டவரில் ஓடுகின்றன. யுஎஸ் மொபைலில் மூன்று டவரில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மாதம் 15 முதல் 25 டாலரில் முடியும். பெரிய கம்பெனிகளில் தனி ஆளுக்கு நல்ல அன்லிமிடெட் 60-இலிருந்து 90 டாலர் வரை போகும். தவிர, ப்ரீபெய்டுக்கு அமெரிக்க அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் வேண்டாம், கிரெடிட் சரிபார்ப்பும் இல்லை. மின்ட்டில் 3, 6, 12 மாதத்துக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். வந்த வேகத்தில் 12 மாதம் கட்டிவிட்டு, அப்புறம் வீட்டுக்குள் டவர் இல்லை என்று முழிக்காதீர்கள்.

கட்டுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். பெரிய கம்பெனிகள் 30 நாள் இலவச இ-சிம் சோதனை கொடுக்கிறார்கள். லாக் இல்லாத, இ-சிம் போடக்கூடிய போன் இருந்தால் போதும். வைஃபையை அணைத்துவிட்டு, நீங்கள் உட்கார்ந்து படிக்கப்போகிற மேசை, கட்டில், குளியலறை மூன்று இடத்திலும் இரவு 8-இலிருந்து 10-க்குள் வேகம் பாருங்கள். அந்த நேரத்தில்தான் டவர் நிரம்பும். பகல் 11 மணி சோதனை எதற்கும் உதவாது. டவுன்லோடை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அப்லோடு 1 மெகாபிட்டுக்குக் கீழே போனால் அம்மாவுடன் வீடியோ காலில் உங்கள் முகம் உறைந்து நிற்கும். ஐபோனில் *3001#12345#* அழுத்தினால் ஆர்எஸ்ஆர்பி என்று சிக்னலின் பலத்தைக் காட்டும் ஓர் எண் வரும். மைனஸ் 80 பக்கம் அருமை, மைனஸ் 100 பரவாயில்லை, மைனஸ் 115 தாண்டினால் கால் அறுபடும். எண் நன்றாக இருந்து வேகம் மட்டும் படுத்தால் அது நெரிசல். பிளானை மாற்றினால் சரியாகும். எண்ணே மோசம் என்றால் கம்பெனியைத்தான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் வைஃபை காலிங்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். வைஃபை காலிங் போடும்போது அவசர உதவி எண்ணான 911-க்காக வீட்டு முகவரி கேட்கும். அபார்ட்மென்ட் எண்ணோடு சரியாகக் கொடுங்கள். வீடு மாறினால் அதையும் மாற்றுங்கள்.

போன் விஷயம். 2022-க்குள் மூன்று கம்பெனிகளும் 3ஜியை மூடிவிட்டன. 4ஜி வழியே குரல் போகும் வசதியான வோல்ட்டி அந்த நெட்வொர்க்கில் அனுமதிக்கப்படாத போனில் நெட் ஓடினாலும் குரல் அழைப்பு போகாது. இந்தியாவில் வாங்கும் ரெட்மி, ரியல்மி, விவோ வகையறாக்கள் பலவற்றில் இங்கே வேண்டிய 12, 13, 66, 71 பேண்டுகள் இருக்காது. போன் பெட்டியின் விவரத் தாளில் தேடிப் பாருங்கள். *#06# அழுத்தி, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யை எடுத்து, ஒவ்வொரு கம்பெனி தளத்திலும் உங்கள் சொந்தப் போன் ஏற்கப்படுமா என்று ஊரிலிருந்தே பார்க்கலாம். ஏடி அண்ட் டி இதில் ரொம்பக் கறார். இந்திய ஐபோன் பெரும்பாலும் ஓடும், சில மாடல்களில் 71 மட்டும் இல்லாததால் டி-மொபைலில் ஊருக்கு வெளியே தடுமாறும். "இலவசப் போன்" விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம்: 24 அல்லது 36 மாதம் பில்லில் துளித்துளியாகக் கழிப்பார்கள், நடுவில் விலகினால் மீதியை மொத்தமாகக் கேட்பார்கள், பெரும்பாலும் அதுவரை போன் லாக்.

அடுத்தது ஃபேமிலி பிளான். கணக்குப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். நாலு லைன் சேர்ந்தால் ஆளுக்கு 30, 35 டாலரில் நல்ல அன்லிமிடெட். மாதக் கடைசியில் கணக்கு வைத்திருக்கிற ஒருவருக்கு, வங்கி வழியே பணம் அனுப்பும் ஜெல் (Zelle) மூலம் அனுப்பினால் வேலை முடிந்தது. பிரச்சினை எண் யாருடையது என்பதில் இருக்கிறது. கணக்கு யார் பெயரிலோ, எண்ணும் சட்டப்படி அவர் கையில். நீங்கள் வேறு கம்பெனிக்குப் போக வேண்டுமென்றால் கணக்கு எண்ணும் டிரான்ஸ்ஃபர் பின்னும் வேண்டும். வெரைசனில் #7678, ஏடி அண்ட் டி-யில் *7678 அழுத்தினால் அதற்கு வழி கிடைக்கும், ஆனால் பின்னை எடுக்கும் உரிமை கணக்கு உரிமையாளருக்குத்தான். அவர் வேலை மாறி வேறு ஊர் போவார், விசா சிக்கலில் இந்தியா திரும்புவார், ஆட்டோபே கார்டு காலாவதியாகும், ஒரு காலை எல்லா லைனும் நின்றுவிடும். உங்கள் வங்கி, பல்கலைக்கழகம், வேலைக்கு விண்ணப்பித்த இடம் எல்லாவற்றுக்கும் ஓடிபி வருவது அந்த எண்ணுக்கு. சீனியர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் சேர்க்கிறார்கள். ஆனால் எத்தனையோ அறைகளில் நட்பு முறிந்தது இந்த பில்லில்தான். முதலில் உங்கள் பெயரில் ஒரு ப்ரீபெய்டு எண் வாங்கி, வங்கிக்கு அதைக் கொடுங்கள். பிறகு பிளானில் சேர்ந்தே ஆக வேண்டுமென்றால், வெளியேறும்போது லைனை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவேன் என்ற பேச்சை முதல் நாளே முடித்துக்கொள்ளுங்கள். எண்ணைக் கொண்டுபோகும்போது புது இடத்தில் லைன் உயிர் பெறும் வரை பழையதை ரத்து செய்யாதீர்கள். ரத்து செய்தால் எண் போய்விடும். எண்ணை வேறு இடத்துக்கு மாற்ற முடியாதபடி பூட்டும் நம்பர் லாக் போட்டிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஊர் எண்ணைச் சாகவிடாதீர்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் எண்ணை முடக்கி, பிறகு வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட முடியும், உங்கள் வங்கி ஓடிபி அதில்தான் வரும். கிளம்பும் முன் இன்டர்நேஷனல் ரோமிங்கை அங்கேயே இயக்கிவிடுங்கள். இங்கே வந்த பிறகு அதை இயக்கப் படும் பாடு பெரும்பாடு. ரோமிங்கில் உள்வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு இல்லை, அழைப்பை எடுத்தால் உண்டு. இந்திய சிம் தட்டில் இருக்கட்டும், அமெரிக்க எண்ணை இ-சிம்மாகப் போடுங்கள், இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். குறைந்தபட்ச ரீசார்ஜ் தேதியை அப்பாவின் காலண்டரில் குறித்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.