28 மாத்திரை, 35 நாள்

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. திருமங்கலம் பக்கம் கிராமத்தில் அம்மாவோடு இருக்கிறார். பிரஷர் உண்டு, வேகமாக நடந்தால் நெஞ்சு இறுக்கமும் வரும். அம்லோடிபின் 5, அட்டினோலால் 50 இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையைத் தினமும் காலையில் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இப்போது கணுக்கால் வீங்குகிறது. ஒன்றிலேயே இரண்டு மருந்து என்பதால் பவர் அதிகமோ, நாட்டு மருந்துக்கு மாற்றிவிடலாமா என்று வீட்டில் பேச்சு. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் ஊருக்குப் போய், 14 மாத்திரை உள்ள அட்டை இரண்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வருவேன். சில மாதம் முன்னாலேயே தீர்ந்துபோகும், நான் வரும்வரை சமாளித்துக்கொள்வார். 2025 ஜூலையிலும் செப்டம்பரிலும் நான் போய் இறங்கியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கூட ஒரு நாள் தங்கவேண்டும் என்று நாடகமோ என்றும் தோன்றுகிறது. மாத்திரையை மாற்றலாமா?
– வாசகர், சென்னை

பதில்: தம்பி, கால் வீக்கத்துக்கு அப்புறம் வருகிறேன். ‘நான் வரும்வரை சமாளித்துக்கொள்வார்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். ஒரு முதல் ஞாயிறுக்கும் அடுத்த முதல் ஞாயிறுக்கும் நடுவில் சில மாதம் 28 நாள், சில மாதம் 35 நாள். நீங்கள் கொடுப்பது எப்போதும் 28 மாத்திரை. 2025-ல் 35 நாள் கழித்து வந்த முதல் ஞாயிறுகள் ஐந்து: ஜனவரி 5, ஏப்ரல் 6, ஜூலை 6, செப்டம்பர் 7, டிசம்பர் 7. நீங்களே சொன்ன ஜூலையும் செப்டம்பரும் அதில் இருக்கின்றன. அந்த இரண்டு ஞாயிறும் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றியபோது, உங்கள் அப்பா மாத்திரை போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அதைத்தான் நாடகம் என்கிறீர்கள்.

அந்த மாத்திரையில் அம்லோடிபின் இரத்தக் குழாய்களை விரித்துக் கொடுக்கிறது. அது உடம்பில் மெதுவாகக் கரைவது, நிறுத்திய பிறகும் சில நாள் தங்கும். அட்டினோலால் இதயம் வேகமாகத் துடிக்காமல் கட்டிப்பிடித்து வைப்பது. அது ஓரிரண்டு நாளில் போய்விடும். அதனால் மூன்றாம் நாள் பிரஷர் பார்த்தால் பெரிதாக ஏறாமலும் இருக்கலாம், ‘பார்த்தியா, ஒண்ணும் ஆகலை’ என்று அவரும் சொல்வார். உள்ளே இதயத்துக்குப் பிடிமானம் போயிருக்கும். நாள்கணக்கில் கட்டிவைத்த மாட்டைச் சட்டென்று அவிழ்த்துவிட்டால் எப்படிப் பாயும்? நெஞ்சு வலிக்காரர்கள் அட்டினோலாலைத் திடீரென்று நிறுத்தினால் வலி கூடும், மாரடைப்பு வரைக்கும் போகலாம். நிறுத்தியே ஆகவேண்டும் என்றால்கூட டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். உங்கள் வீட்டில் வருடத்துக்கு நாலைந்து தடவை அது திடீரென்று நிற்கிறது.

வலிக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதை டாக்டர்தான் சொல்லவேண்டும். இரண்டு முறை நெஞ்சைப் பிடித்திருக்கிறார். ஒரு ஈ.சி.ஜி. எடுத்ததாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே, ஏன்? அவரை இந்த வாரமே கூட்டிப்போங்கள். மாத்திரை விட்டுப்போன நாட்களை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஒரு வேளை தவறினால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. நாள்கணக்கில் தவறியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் தானாக மறுபடி தொடங்கவும் கூடாது.

இப்போது கால் வீக்கம். அம்லோடிபினுக்கு அது தெரிந்த பக்கவிளைவு. டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து சேர்ப்பார். வீக்கத்தோடு மூச்சும் வாங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரண்டு மருந்து சேர்ந்திருப்பதால் பவர் அதிகம் என்பது தவறு. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. இதை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து என்ற பேச்சை இன்றோடு விடுங்கள். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் மாதிரியான மாத்திரை பிரஷரை ஏற்றும், அதையும் விசாரியுங்கள். வீசிங், சர்க்கரை இருந்தால் அட்டினோலால் கொடுத்த டாக்டருக்கு அது தெரிந்தாகவேண்டும்; சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை அந்த மருந்து மறைத்துவிடும்.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறாரா? இருந்தால் அது சட்டைப் பையில் இருக்கவேண்டும், பீரோவில் இல்லை. நின்றபடி போட்டால் தலை சுற்றி விழுவார், உட்கார்ந்து போடவேண்டும். 5 நிமிடத்தில் வலி அடங்கவில்லையென்றால் 108. ஆண்மைக்கென்று விற்கும் சில்டெனாஃபில் மாதிரி எதுவும் அதோடு சேரவே கூடாது, இரத்த அழுத்தம் ஒரேயடியாக விழும். அப்பாவிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் டாக்டரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

சமாளித்துக்கொள்வார் என்கிறீர்களே, ஏன் சமாளிக்கிறார் தெரியுமா? ‘மாத்திரை தீர்ந்துபோச்சு, கொஞ்சம் பணம் அனுப்பு’ என்று மகனிடம் கேட்க அந்த வயதில் நாக்கு எழாது. உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பீஸ் கட்டும் நாள் அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. பெற்றவருக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது பாதி வேலைதான், அது நடுவில் தீராமல் பார்ப்பதுதான் பிள்ளையின் வேலை என்பது என் கட்சி. நாடகம் என்ற வார்த்தையை அவர் காதுபடச் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேளுங்கள், நேரில்.

வாங்கும்போது மூன்று அட்டையாக வாங்குங்கள், 42 மாத்திரை. எப்போதும் ஒரு வாரத்துக்காவது கையில் மிச்சம் இருக்கும். பணம் இடித்தால் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-லிருந்து பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. ஒன்று கவனியுங்கள்: அங்கே கொடுப்பதும் கடையில் வாங்குவதும் பெயர் மாறிய ஒரே மருந்தாக இருந்துவிட்டால் இரண்டு மடங்காகிவிடும். எல்லா அட்டையையும் டாக்டர் மேஜையில் கொட்டிக் காட்டுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் ஊருக்குப் போன் போடுங்கள். எத்தனை மாத்திரை இருக்கிறது என்று கேட்டால், ‘இருக்குப்பா’ என்பார். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, அட்டையைக் கையில் எடுத்து எண்ணச் சொல்லுங்கள்.